உயரத்தைக் கேட்கிறோம், சோதனைப் பதிவேட்டைக் கேட்கிறோமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீயணைப்புத் துறைக்குப் புதிய ஏணி வண்டி வரும்போதெல்லாம் ‘இத்தனை மீட்டர் உயரம் எட்டும்’ என்பதே தலைப்பாகிறது. எட்டாமல் போன நாளில் ‘ஏணி பழுது’ என்ற ஒற்றை வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. என்ன பழுது, ஏன் வந்தது, முன்பே கண்டுபிடித்திருக்க முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. ஏணி வண்டிகளில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை முன்பே கண்ணில் படக்கூடியவை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்த உயரக் கணக்கு. 30 மீட்டர் நீளும் ஏணியை 75 டிகிரி சாய்வில் நிறுத்தினால், நுனி சுழல்மேடைக்கு (ஏணியைத் தாங்கித் திருப்பும் அடிமேடை) மேலே 29 மீட்டரில் இருக்கும். கிடைமட்டத்தில் 8 மீட்டர் தள்ளியிருக்கும். கட்டட வாசலை கார்கள் அடைத்துக்கொண்டு, வண்டி 15 மீட்டர் தள்ளி நிற்க நேர்ந்தால் சாய்வு 60 டிகிரிக்கு இறங்கும். உயரம் 26 மீட்டராகிவிடும். ஒரு மாடி கைவிட்டுப் போயிற்று. அதைவிட முக்கியம், வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும் விசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஆகவே நுனியில் மூன்று பேரை ஏற்றலாம் என்றிருந்த இடத்தில் ஒருவரை மட்டுமே வண்டியின் பாதுகாப்புக் கணினி அனுமதிக்கலாம். வரம்பைத் தொட்டதும் ஏணியை மேற்கொண்டு நீள விடாமல் நிறுத்தியும் விடலாம். வேடிக்கை பார்க்கும் கூட்டம் ‘ஏணி மாட்டிக்கொண்டது’ என்று கத்தும். மாட்டவில்லை, தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. முழுத் தீயுடையும் மூச்சுக்கருவியும் அணிந்த வீரர் ஒருவரே 110 கிலோ அளவுக்கு இருக்கலாம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து, மேலே நடக்கும் விபத்துகளின் தொடக்கம் பல நேரம் தரையில்தான். வண்டியின் பக்கவாட்டில் விரியும் அவுட்ரிகர் கால்கள்தான் மொத்தப் பாரத்தையும் தாங்குகின்றன. ஏணி ஒரு பக்கமாகத் திரும்பும்போது அந்தப் பக்கத்துக் காலில் மட்டும் 12 டன் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். காலின் பாதம் 30 செ.மீ. சதுரம் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 13 கிலோவுக்கும் மேல் அழுத்தம். 60 செ.மீ. சதுரப் பலகையை அடியில் வைத்தால் அது கால் பங்காகக் குறையும். ஆனால் பலகை விறைப்பானதாக இருக்க வேண்டும். மெல்லிய பிளைவுட் நடுவில் வளைந்து, பாரத்தை மறுபடி அந்தச் சின்ன இடத்திலேயே இறக்கிவிடும். சாக்கடை மூடி, கழிவுநீர்த் தொட்டியின் சிலாப், அண்மையில் தோண்டி மூடிய பள்ளம், அடித்தள வாகன நிறுத்தத்தின் கூரை, இவற்றின் மேல் கால் வைக்கவே கூடாது. ஐந்து மீட்டர் அகலத்தில் விரிந்த கால்களில் ஒரு பக்கம் 5 செ.மீ. அமிழ்ந்தால், 30 மீட்டர் உயரத்தில் நுனி 30 செ.மீ. நகரும். அந்த நகர்வோடு சாய்வும் கூடுவதால் அமிழ்ந்த காலுக்கே மேலும் பாரம் ஏறும். குறுகிய தெருவில் ஒரு பக்கக் கால்களைப் பாதிதான் விரிக்க முடிகிறது என்றால், அந்தப் பக்கம் ஏணியைத் திருப்பக் கூடாது. புதிய வண்டிகளில் கணினியே தடுக்கும். பழைய வண்டிகளில் இயக்குபவரின் நினைவாற்றல்தான் தடுப்பு.

‘ஏணி எழும்பவே இல்லை’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தால் ஏணியை இயக்கும் அமைப்பு) அல்ல, மின்சாரம். கால்கள் முழுமையாக விரிந்து தரையில் அழுந்தின என்று சென்சார்கள் சொன்னால்தான் இன்டர்லாக் (ஏணியை எழும்ப விடாத பாதுகாப்புப் பூட்டு) திறக்கும். ஒரு சென்சாரில் சேறு அப்பியிருந்தாலோ, கனெக்டரில் தண்ணீர் புகுந்து பச்சை பூத்திருந்தாலோ, கால் சரியாக விரிந்திருந்தும் ‘விரியவில்லை’ என்றே கணினி எடுத்துக்கொள்ளும். பிரஷர் வாஷரைக் கொண்டு வண்டியைக் கழுவுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். பளபளப்புக்காகச் செய்யப்படும் அந்த வேலை கனெக்டர்களுக்குள்ளும் பேரிங்குகளுக்குள்ளும் தண்ணீரை ஏற்றிவிடுகிறது. அப்புறம் பி.டி.ஓ. (எஞ்சின் சக்தியை ஹைட்ராலிக் பம்புக்குக் கொடுக்கும் இணைப்பு) சரியாகப் பொருந்தாதது, பேட்டரி வோல்டேஜ் குறைந்து கட்டுப்பாட்டுப் பெட்டி தானாக அணைந்து எழுவது, ஏணியோடு நீண்டு மடங்கும் கேபிள் சங்கிலியில் ஒயர் உரசி உள்ளே அறுந்திருப்பது எனக் காரணங்கள் நீளும். ஏணி ஒரு குறிப்பிட்ட நீளத்தில் மட்டும் நின்று நின்று போனால் முதலில் கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும். இதையெல்லாம் சரிசெய்யாமல், பாதுகாப்புத் தடையை மீறும் ஓவர்ரைடு சாவியைப் போட்டே வண்டியை ஓட்டுவது பழக்கமாகிவிட்டால், உண்மையிலேயே கால் அமிழும் நாளில் எச்சரிக்க எதுவும் இருக்காது.

ஹைட்ராலிக்கில் கவனிக்க வேண்டியது மெல்ல இறங்குதல். ஏணியைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சிலிண்டர் தண்டில் குறி போட்டு, ஒரு மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். தயாரிப்பாளர் அனுமதித்த அளவுக்கு மேல் தண்டு உள்ளே போயிருந்தால், ஹோல்டிங் வால்வு கசிகிறது, அல்லது பிஸ்டன் சீல் தேய்ந்திருக்கிறது. இந்த வால்வுதான் குழாய் வெடித்தாலும் ஏணி சரிந்து விழாமல் பிடித்துக்கொள்கிறது. எனவே கசிவைச் சிறியதென்று விடக் கூடாது. இங்கே ஒரு பொறி உண்டு. ஆயில் சூடாக இருக்கும்போது சோதனையைத் தொடங்கினால், அது ஆறும்போது சுருங்கும். 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் கன அளவில் சுமார் 0.7 சதவீதம். ஒரு மீட்டர் உயர ஆயில் 20 டிகிரி ஆறினால் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குத் தண்டு இறங்கிவிடும். கசிவே இல்லாத சிலிண்டரைக் கழற்றிப் போடுவதும், கசிவை ‘ஆயில் ஆறியது’ என்று சமாளிப்பதும் இதனால்தான். தொடக்கத்திலும் முடிவிலும் ஆயில் வெப்பத்தை எழுதிவைத்தால் தகராறு இல்லை.

ஏணித் துண்டுகளை நீட்டி மடக்கும் வயர் ரோப்களே (எஃகு இழைக் கயிறுகள்) எல்லாவற்றிலும் அதிகம் புறக்கணிக்கப்படுபவை. இரண்டு ரோப்களின் இழுவிசை சமமாக இல்லாவிட்டால் துண்டு கோணலாக ஓடி, ஒரு பக்கத்து நழுவு பேட் (துண்டுகள் உரசாமல் நழுவ வைத்திருக்கும் கட்டை) மட்டும் தேயும். முழுக்க மடக்கினாலும் துண்டுகள் அடிவரை வந்து உட்காராது. உடைந்த இழைகள், விட்டம் குறைதல், துரு, மடிப்பு, கப்பியில் பள்ளம் ஆகியவற்றைத் தேட வேண்டும். சிக்கல் என்னவென்றால் நிலைய வளாகம் சிறியது, மேலே மின்கம்பி. எனவே வாராந்தரப் பயிற்சியில் ஏணி பாதிதான் நீட்டப்படுகிறது. கடைசித் துண்டின் ரோப் வெளிச்சத்தையே பார்ப்பதில்லை. மாதம் ஒருமுறையாவது திறந்த வெளிக்குக் கொண்டுபோய் முழு நீளத்துக்கு நீட்டி, இரு திசையிலும் முழுச் சுற்றுச் சுற்றியாக வேண்டும். ஏணித் துண்டுகள் நழுவி ஓடும் தண்டவாளங்களில் கிரீஸை அள்ளிப் பூசுவதும் நல்லதல்ல. அதில் ஒட்டும் மணல் உப்புத்தாள்போல் பேடைத் தேய்க்கும். பழையதைத் துடைத்தெடுத்துவிட்டு, தயாரிப்பாளர் சொன்னதை மெல்லியதாகப் பூசினால் போதும். சுழல்மேடை போல்ட்டின் தலையைச் சுற்றித் துருக்கசிவு தெரிந்தால் பெயின்ட் அடித்து மறைக்காமல் டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளக்கும் ஸ்பேனர்) வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு போல்ட் போனால் அதன் பாரம் பக்கத்து போல்ட்களுக்குப் போகும்.

தண்ணீரின் பாரத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 100 மி.மீ. குழாய் 30 மீட்டர் நீளத்துக்கு நிறைந்தாலே 235 கிலோ. நிமிடத்துக்கு 2,000 லிட்டரை 7 பார் அழுத்தத்தில் பீய்ச்சினால் குழாயின் பீய்ச்சுமுனை சுமார் 125 கிலோ விசையோடு பின்னால் தள்ளும். பம்பை நிதானமாகத் திறந்து, நிதானமாக மூட வேண்டும். சட்டென்று மூடினால் வரும் அதிர்ச்சி ஏணி முழுக்க ஓடும். காற்றும் அப்படித்தான்: வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு.

மேலே ஆள் இருக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டால் பேட்டரியில் ஓடும் அவசரப் பம்ப் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் வரிசை முக்கியம்: முதலில் ஏணியை உள்ளே இழுக்க வேண்டும், பிறகு திருப்ப வேண்டும், கடைசியில்தான் இறக்க வேண்டும். நீண்டிருக்கும்போதே இறக்கினால், அவசர நிலையில் கணினியின் தடுப்பும் இல்லாமல், ஏணி வரம்புக்கு வெளியே போய்விடும். அந்தப் பம்ப் மோட்டார் இடைவிடாமல் ஓடினால் கருகிவிடும். இடையிடையே ஓய்வு தர வேண்டும். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்திருந்த பம்ப் தேவைப்படும் நாளில் ஓடும் என்று நம்புவது வீண்.

அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. (தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம்) தரவிதிகள் ஆண்டுக்கொரு முறை பாரச் சோதனையையும், 5 ஆண்டுக்கொரு முறையாவது பற்றவைப்புகளிலும் பின்களிலும் போல்ட்களிலும் பொருளைச் சிதைக்காமல் விரிசலைக் கண்டறியும் சோதனையையும் கேட்கின்றன. எஃகில் காந்தத்தூள், அலுமினியத்தில் ஊடுருவும் சாயம், பின்களுக்கு அல்ட்ராசானிக். நெருப்பில் காய்ந்த அலுமினிய ஏணியைக் காலக்கெடுவுக்குக் காத்திராமல் உடனே சோதிக்க வேண்டும். அதிலுள்ள வெப்பப் பட்டை நிறம் மாறியிருந்தால், ஏணி நேராகத் தெரிந்தாலும் உலோகம் வலுவிழந்திருக்கலாம்.

அடுத்த முறை புதிய ஏணி வண்டியைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது, ஏற்கெனவே இருக்கும் வண்டிகளின் கடைசிப் பாரச் சோதனை எந்தத் தேதியில் நடந்தது, பற்றவைப்புகள் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டன, அவசரப் பம்ப் கடைசியாக எப்போது ஓட்டப்பட்டது என்ற மூன்று கேள்விகளையும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு, பதில்களைத் தேதியோடு வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தீயணைப்பு வாகனப் பராமரிப்பு அறிந்த வாசகர்கள் சிலர்