தும்பிக்கை வைத்த லை

பினாங்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று படித்துக் காட்டினேன், அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அம்மாவுக்கு அடுத்த மாதம் 80 நிறைகிறது. அதையொட்டி இரண்டு வாரமாக ஒரே வேலையில் மூழ்கிக் கிடக்கிறேன்.

அலமாரியை ஒழித்தபோது அப்பா அம்மா கல்யாணப் பத்திரிகை அகப்பட்டது. 1964இல் அடித்தது. நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. ஈய எழுத்து அழுந்திய தடம் தாளின் பின்பக்கம் விரலில் தட்டுப்படுகிறது. உச்சியில் 'முருகன் துணை'. அந்த ணையைப் பார், தலைக்கு மேல் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது! தாத்தா பெயர் அண்ணாமலை. அதில் ணாவும் பழசு, லையும் பழசு. நாம் முதல் வகுப்பில் சிலேட்டில் எழுதியதும் இதைத்தானே.

இதை அதே எழுத்தில் மறுபடி அச்சடித்து, விருந்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கலாம் என்று தோன்றியது. பழைய தோற்றம் என்று தேடினால் கோணல் எழுத்தும் பூவேலையுமாக ஏகப்பட்ட எழுத்துருக்கள் வருகின்றன. கவிவாணர் என்ற எழுத்துரு அழகான சாய்ந்த கையெழுத்துதான், ஆனால் அதிலும் லை புது லைதான். பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் தொடங்கி, தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தில் மாறியவை ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்பட மொத்தம் 13 எழுத்துகள். அந்த 13 இல்லாவிட்டால் எந்த அலங்காரம் செய்தாலும் அது அப்பாவின் பத்திரிகை ஆகாது.

கடைசியில் கிடைத்தது 'லோஹித் தமிழ் கிளாசிக்கல்'. இலவசம். இறக்கிய தொகுப்பைப் பிரித்து, டிடிஎஃப் என்ற எழுத்துருக் கோப்பை இரண்டு முறை தட்டி, இன்ஸ்டால் கொடுத்தால் போதும். வேர்டை மூடித் திறந்துகொள். வழக்கம்போல, தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி இடம் உள்ள யூனிகோடில் 'அண்ணாமலை' என்று தட்டினேன், திரையில் தும்பிக்கை எழுந்தது. தட்டுவது அதே ல, அதே ஐகாரக் குறி; உருவத்தை மாற்றுவது எழுத்துரு மட்டும். பழைய சிடியில் இருக்கும் பாமினி வகை எழுத்துருக்கள் இப்படி அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை அவை. யூனிகோடில் தட்டியதற்கு அவற்றைப் போட்டால் எதுவும் மாறாது.

ஒரு குறை, இதில் தடித்த எழுத்து தனியாக இல்லை. வேர்டில் போல்ட் அழுத்தினால் சுழிகள் அடைத்து மொத்தையாகிவிடுகின்றன. 'திருமண அழைப்பிதழ்' என்ற தலைப்பில் அந்த 13இல் ஒன்றுகூட வரவில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். அதனால் தலைப்புக்கு மட்டும் நோட்டோ செரிஃப் தமிழின் தடித்த வகையைப் போட்டேன். மையை முழுக் கறுப்பாக விடாமல் துளி பழுப்பு கலந்ததும் கண்ணுக்கு ஈயம் மாதிரியே இருக்கிறது.

அப்புறம் ஒரு சங்கடம். வேர்டு கோப்பாகவே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். அவர்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. மாதிரித் தாள் வந்தது, எல்லாம் புது லை. மனசே விட்டுப்போயிற்று. எழுத்துருவை உள்ளடக்கிப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பிய பிறகுதான் சரியாக வந்தது. நீ செய்தால் முதலிலேயே பிடிஎஃப் கொடுத்துவிடு.

நேற்று ராத்திரி அம்மாவிடம் அந்தத் தாளைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாத்தா பெயர்மேல் விரலை வைத்து, லையின் வளைவோடு மெல்ல மேலே கொண்டுபோனார். ஒன்றும் பேசவில்லை.

செந்தூலில் உங்கள் அப்பா மளிகைக் கடைப் பலகையைத் திரும்ப எழுத வேண்டும் என்றாயே. அது தூரிகையால் வரைந்த எழுத்து, எழுத்துரு எதுவும் பொருந்தாது. நேர் எதிரே நின்று, சாயாமல் ஒரு படம் எடுத்து அனுப்பு. மேலே கோடு ஓட்டி வரைந்து பார்க்கிறேன். கீழ் வரியில் 'சகாய விலை' என்று இருந்ததாக ஞாபகம். அந்த லையை மட்டும் கிட்டப் போய் இன்னொரு படம் எடு.

அன்புடன்,
முகுந்தன்