எத்தனை பேர் என்று கணக்குப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் பத்தாம் திகதி, அதாவது தேயிலைத் தோட்டங்களில் சம்பளம் போட்ட நாள், ஹட்டன் டவுனில் நான் கணக்கு எழுதும் கடைக்குச் சாமான் வாங்க வந்த ஒரு ஐயா, வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "இந்தத் தோட்டத்து ஆட்களுக்கு எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் கையில காசு நிக்காது, சிக்கனமே தெரியாத சனம்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். கடையில் வேலை செய்கிறவள் வாங்க வந்தவரோடு வாதாட முடியாது என்பதால் நான் பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து அது மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இதே பேச்சை, தோட்டத்தில் பிறந்து படித்து வெளியில் போன நம் பிள்ளைகள் சிலரும் பேசுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். அம்மா 31 வருடம் கொழுந்து எடுத்தவர். எங்கள் வீட்டில் முழுச் சவர்க்காரம் பாவித்த ஞாபகமே எனக்கு இல்லை. வாங்கி வந்த அன்றே அம்மா அதை நூலால் இரண்டாக அறுத்து, ஒரு பாதியை அடுப்புக்கு மேலே காய வைப்பார், காய்ந்த கட்டி சீக்கிரம் கரையாது. தேங்காய் உடைத்தால் கண் பக்கத்து மூடிதான் முதலில் கெடும் என்று அதை முதல் நாள் துருவிவிட்டு, மற்ற மூடியில் உப்புத் தடவிக் கவிழ்த்து வைப்பார், அது அடுத்த நாள் ரொட்டிக்கு. அரிசி களையும்போது ஒரு பிடி எடுத்துத் தனி டின்னில் போடுவது அப்பாயி காலத்துப் பழக்கம், மாதக் கடைசியில் இரண்டு நாளைக்கு அந்த டின்தான் சோறு போட்டது.

அப்பாயியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம் வந்தது. கூப்பனுக்குக் கிடைத்த மாவும் அரிசியும் குறைந்து, வேலை நாளும் குறைந்து, சனங்கள் பட்டினியால் செத்த காலம் அது. அதைப் பார்த்தவர் எங்கள் அப்பாயி. சாகும் வரைக்கும் அவர் மா டின்னின் அடித்தகரம் தெரிய விட்டதில்லை. டின்னில் எப்போதும் இரண்டு கை மா இருக்க வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் பசி என்றாலும் அந்த இரண்டு கையைத் தொட விடமாட்டார், பக்கத்துக் காம்பராவில் கடன் வாங்கித்தான் மீதி ரொட்டி சுடுவார். சின்ன வயதில் எனக்கு அது பிடிவாதமாகத் தெரிந்தது. இப்போது என் சமையல் கட்டிலும் மா டின் காலியாவதில்லை.

இப்படிப்பட்ட சனத்துக்கா சிக்கனம் தெரியாது? அந்த ஐயா ஒரு மாதம் எங்கள் அம்மா கையில் வாங்கிச் சாப்பிட்டிருந்தால் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டார்.

சரி, அப்படியானால் காசு ஏன் நிற்கவில்லை? முதல் காரணம் சம்பளம் போதாது என்பதுதான், அதில் சுற்றிவளைக்க ஒன்றுமில்லை. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. அடுத்த வருடமே நாட்டின் பொருளாதாரம் விழுந்தது. 2022 ஓகஸ்டில் ஒரு லீட்டர் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது, செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண் கணக்குப்படி சாப்பாட்டுச் சாமான்களின் விலை ஒரு வருடத்தில் 94.9 வீதம் ஏறியிருந்தது. சம்பளம் மட்டும் அதே 1000. அந்த வருடம் எங்கள் லயத்தில் அடகுக்குப் போகாத தோடு இல்லை. உண்டியலில் பத்தாயிரம் சேர்த்து வைத்திருந்த ஒரு அக்கா, "காசு அப்படியே இருக்கு புள்ள, சாமான் பாதிதான் வருது" என்று என்னிடம் சொன்னார். சேர்த்து வைத்தவருக்கும் அன்றைக்கு அந்த அடிதான். பிறகு 2024 செப்டெம்பரில் சம்பளம் 1350 ஆனது. இந்தக் கடிதத்தில் அந்த 1350ஐ வைத்தே கணக்குப் போடுகிறேன், சம்பளம் மாறினாலும் கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

இரண்டாவது, கடையில் இருந்து நான் தினமும் பார்ப்பது. கையில் காசு குறைவாக இருப்பவர்தான் ஒரு சாமானுக்குக் கூட விலை கொடுக்கிறார். 400 கிராம் பால்மா பக்கட்டை ஒரே தடவையில் வாங்க முடியாமல் சின்னச் சின்னப் பக்கட்டாக வாங்குகிறார்கள், அதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பெரிய பக்கட்டின் விலையைத் தாண்டிவிடும். ஷாம்பு, தேயிலைத் தூள், தேங்காய் எண்ணெய் எல்லாம் இப்படித்தான். தேயிலைத் தூளையுமா என்று கேட்பீர்கள், ஆமாம், தோட்டத்தில் கொடுக்கும் தூள் போதாமல் போனால் அதையும் கிராம் கணக்கில்தான் வாங்குகிறார்கள். நாலு குடும்பம் சேர்ந்து ஒரு மூட்டை மா வாங்கிப் பிரித்துக்கொள்ளலாமே என்று நான் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு லயத்தில் அப்படிச் செய்கிறார்கள், சண்டை இல்லாமல் நடக்கிறது.

ஆனால் நம் பக்கமும் ஒரு பிழை இருக்கிறது, அதை மறைக்க நான் எழுதவில்லை. பத்து ரூபாய்க்குப் பத்துத் தரம் யோசிக்கிற நாம், இலட்ச ரூபாய்க்கு ஒரு தரம்கூட யோசிப்பதில்லை.

எங்கள் அப்பா ஒரு கேள்வி கேட்பார். வீட்டுக்கு எது வாங்கினாலும், புதுச் சட்டையோ ரேடியோவோ, கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு "இது எத்தன பேரு?" என்பார். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், சொன்ன கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர் என்பது உங்கள் வாசகர்களில் பலருக்குத் தெரியும். அப்பா ரூபாயில் விலை பார்த்ததே கிடையாது. அம்மா எத்தனை நாள் மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, மலை ஏறினால் இது வரும் என்பதுதான் அவருக்கு விலை.

போன வருடம் தம்பி தவணைக்கு ஒரு போன் எடுத்தான். கடையில் போட்டிருந்த விலை 60,000. முதலில் 10,000 கட்டி, பிறகு மாதம் 6,500 படி பன்னிரண்டு மாதம். "மாசம் ஆறாயிரத்தைந்நூறுதானே அக்கா" என்றான். கொப்பியை எடுத்து அவன் முன்னாலேயே கூட்டினேன். 78,000, அதோடு முதலில் கட்டிய 10,000, மொத்தம் 88,000. அறுபதாயிரம் ரூபாய் போனுக்கு 28,000 கூடுதல். 1350ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 21 பேர். ஒரு மாதம் முழுக்க அம்மா எடுத்த கொழுந்து அந்தக் கூடுதலுக்கு மட்டும் போயிருக்கும். அவன் கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. அப்புறம், "இத அந்தக் கடையில சொல்லவே இல்லையே" என்றான். சொல்ல மாட்டார்கள். நாம்தான் கூட்டிப் பார்க்க வேண்டும்.

நம் முன்னோர் இந்த மலைக்கு வந்ததே கடனோடுதான். ஆள் சேர்த்துக் கூட்டி வந்த கங்காணி கொடுத்த முற்பணம் அவர்கள் பேரில் கடனாக எழுதப்பட்டு, அந்தக் கடன் குறித்த துண்டு இல்லாமல் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது என்று இருந்தது. அந்தத் துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். நூறு வருடம் கழித்து, நாமே டவுனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுக் கடன் துண்டு வாங்கி வருவதைப் பார்க்கும்போது எனக்குத் தாங்கவில்லை.

சடங்கு விஷயமும் இப்படித்தான். பிள்ளை பெரிய மனுசியானால் முன்பெல்லாம் இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் திண்ணையில், பந்தல் போட்டு, லயத்துப் பெண்கள் சேர்ந்து சமைத்து, தாய்மாமன் சீரோடு முடித்துவிடுவார்கள். இப்போது ஹோல், வீடியோ, மூன்றடுக்குக் கேக், மேடைக்குச் சோடனை. எங்கள் சொந்தத்தில் ஒரு வீட்டில் மூன்று இலட்சம் செலவானது. அது 222 பேர், மாதம் இருபது நாள் வேலை என்று வைத்தாலும் பதினொரு மாதம். பாதியை வட்டிக்கு எடுத்தார்கள், நூற்றுக்குப் பத்து, மாத வட்டி. அந்தப் பிள்ளை இப்போது டியூஷனுக்குப் போவதில்லை, பஸ்ஸுக்கும் ஃபீஸுக்கும் காசில்லை என்று நிறுத்திவிட்டார்கள். மொய் திரும்பி வரும்தானே என்பீர்கள். வரும், ஆனால் கொப்பியில் எழுதிய ஒவ்வொன்றையும் நாமும் திருப்பிச் செய்ய வேண்டும். ஆசையாகச் செய்வதை நான் குறை சொல்லவில்லை, பிள்ளைக்கு ஒரு நாள் நல்ல சேலை கட்டிப் பார்க்க எந்தத் தாய்க்கும் ஆசை இருக்கும். பக்கத்து வீட்டில் செய்தார்களே, நாங்கள் குறைந்து போய்விடுவோமே என்று செய்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

சம்பள நாளில் சாராயக் கடைக்குப் போகும் காசைப் பற்றியும் எழுதலாம். அதற்கு எண்ணிப் பார்க்க வேண்டிய பேர் அத்தனையும் வீட்டுப் பெண்கள் எடுத்த பேர் என்பதை மட்டும் சொல்லி விடுகிறேன்.

சீட்டை நான் எதிர்க்க மாட்டேன். இருபது பேர் மாதம் இரண்டாயிரம் போட்டால் ஒரு முறை நாற்பதாயிரம் மொத்தமாகக் கைக்கு வரும். எங்கள் வீட்டுக் கூரைத் தகரம் சீட்டுக் காசில் போட்டதுதான். தெரிந்த ஆள், பக்கத்து வீட்டு ஆள் பிடிக்கும் சீட்டாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருமுறை டவுனில் பெரிய சீட்டு என்று போட்டு எட்டு மாதக் காசைத் தொலைத்தோம், சீட்டுப் பிடித்தவரை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

கடைசியாக, நான் முக்கியமாக எழுத நினைத்தது. நம்மிடம் ஒரு பெரிய உண்டியல் இருக்கிறது, அதைத்தான் நாம் எட்டிப் பார்ப்பதே இல்லை. அதுதான் ஊழியர் சேமலாப நிதி, வேலை செய்யும் காலத்தில் நம் பெயரில் சேர்ந்து வயதான பிறகு கைக்கு வரும் காசு. சம்பளத்தில் 8 வீதம் நம் பங்கு, 12 வீதம் நிர்வாகத்தின் பங்கு. 1350க்கு நம்முடைய 108 ரூபாய், அவர்களுடைய 162, ஆக ஒரு பேருக்கு 270 ரூபாய் அந்த உண்டியலில் விழ வேண்டும். இருபது நாள் வேலை செய்தால் மாதம் 5,400. ஊழியர் நம்பிக்கை நிதியம் என்ற இன்னொரு சேமிப்புக்கு நிர்வாகம் கட்ட வேண்டிய 3 வீதம் இது போக. சவர்க்காரத்தை நூலால் அறுத்து மிச்சம் பிடித்த என் அம்மா, 31 வருடத்தில் ஒரு தரம்கூட இந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டதில்லை. கேட்கலாம் என்றே அவருக்குத் தெரியாது.

வேலையை விட்ட பிறகுதான் தெரிந்தது, அடையாள அட்டையில் ஒரு எழுத்து, சேமலாப நிதிக் கணக்கில் வேறு எழுத்து. அந்த ஒரு எழுத்துக்காக எட்டு மாதம் அலைந்தோம். சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தர் கடிதம், பஸ் காசு, ஒவ்வொரு பயணத்துக்கும் எனக்குச் சம்பளமில்லாத லீவு. பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் இந்தக் காசை எடுக்கலாம். ஆகவே நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் இப்போதே பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பத்து வருடம் கட்டி, கணக்கில் மூன்று இலட்சமாவது இருந்தால், வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் முன்னதாகவே எடுக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது, அதனால்தான் வட்டிக்காரரிடம் போகிறார்கள். வேலையை விடும்போது நிர்வாகம் தர வேண்டிய சேவைக்காலப் பணமும் இருக்கிறது, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். அம்மாவின் 31 வருடத்துக்கு அது 434 பேர். இந்தக் கணக்கை நான் சொன்னபோது அம்மா, "அத்தன பேரா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் பத்திரிகை தோட்டத்து வாசிகசாலைகளுக்கும் கடைகளுக்கும் வருகிறது, தேத்தண்ணிக் கடையில் ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்கிறார்கள். மாதம் ஒரு தடவை, சம்பளத்துக்கு முதல் வாரம், சம்பளத் துண்டை எப்படி வாசிப்பது, சேமலாப நிதிக் கூற்றில் எந்த இடத்தைப் பார்ப்பது, தவணைக் கடனின் மொத்தத்தை எப்படிக் கூட்டுவது என்று அரைப் பக்கம் போடுங்கள். எழுத ஆள் இல்லை என்றால் நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்து அக்கா ஒருவரிடம் அவருடைய சேமலாப நிதிக் கூற்றைக் கொண்டுவரச் சொன்னேன். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு பொலித்தீன் பையில் மடித்து, கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டியில் வைத்திருந்தார், வந்த நாளிலிருந்து ஒரு தரமும் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் இஸ்தோப்பில் உட்கார்ந்து அவருடைய சம்பளத் துண்டுகளோடு ஒவ்வொரு மாதமாக ஒத்துப் பார்த்தோம். இரண்டு மாதக் காசு குறைகிறது. திங்கட்கிழமை காலை பெரட்டு, அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது, முடிந்ததும் தோட்டத்து ஒபிசில் கேட்கப் போகிறார். நானும் லீவு சொல்லிவிட்டேன், கூடப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹட்டன்.