எங்க மாமா எந்தக் கணக்குல?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

2022ல நாடு முழுக்க ரோட்டுல செத்தவங்க 1,68,491 பேர், தமிழ்நாட்டுல மட்டும் 17,884 பேர்னு மத்திய அரசு கணக்கு சொல்லுது. அந்தக் கணக்குல எங்க மாமா இல்ல.

அந்த வருஷம் அக்டோபர்ல கீரைக்கட்டு ஏத்திக்கிட்டு எக்ஸ்எல் வண்டில பைபாஸ் கிராஸ் பண்ணும்போது கார் அடிச்சிருச்சு. முதல் 48 மணி நேரம் இன்னுயிர் காப்போம் திட்டத்துல செலவே இல்லாம பாத்தாங்க, அதை நாங்க மறக்கமாட்டோம். ஆனா 41வது நாள் போயிட்டாரு. 30 நாளுக்குள்ள செத்தாத்தான் விபத்து மரணமாம், அதுக்கு மேலன்னா படுகாயம்தான். பல நாட்டுலயும் இதே கணக்குதான், எங்கயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆகணும், புரியுது, ஆனா எங்க அக்காகிட்ட இதை எப்படிங்க சொல்றது?

இது ஒருத்தர் கதை இல்ல. 2016க்கு நம்ம அரசு சொன்னது 1,50,785 மரணம், அதே வருஷத்துக்கு உலக சுகாதார நிறுவனம் போட்ட மதிப்பீடு 2,99,091, கிட்டத்தட்ட டபுள். இவ்வளவு வித்தியாசம் இருந்தா குறைஞ்சுதா கூடுச்சான்னு எதை வச்சு சொல்றது?

நான் அதே பைபாஸ் ஓரம் பஞ்சர் கடை வச்சிருக்கேன். மாமா போனதுக்கப்புறம் கடை நோட்டுல பின்பக்கம் எழுத ஆரம்பிச்சேன், தேதி, நேரம், என்ன வண்டி, லைட் எரிஞ்சுதா இல்லையான்னு. இந்த ஆடியிலேர்ந்து பதினொரு பேர் விழுந்திருக்காங்க, போலீஸ் வந்தது ரெண்டுக்குத்தான். மத்தவங்க முட்டியத் துடைச்சிக்கிட்டு, வளைஞ்ச ஹேண்டில என்கிட்டயே நிமித்திக்கிட்டு போயிட்டாங்க, அதெல்லாம் எங்கயும் பதிவே ஆகாது. பதினொண்ணுல எட்டு ராத்திரி ஏழு மணிக்கு மேல, மீடியன் கேப்புக்கு நேரா இருக்குற கம்பத்துல லைட் எரியாதப்ப.

நேஷனல் ஹைவேல ஒரு இடத்த பிளாக் ஸ்பாட், அதாவது அடிக்கடி விபத்து நடக்குற இடம்னு சேர்க்கணும்னா 500 மீட்டருக்குள்ள மூணு வருஷத்துல அஞ்சு விபத்துல சாவோ படுகாயமோ ஆகியிருக்கணும், இல்ல பத்து பேர் செத்திருக்கணும். அதுவரைக்கும் அந்த லைட்டுக்காக காத்திருக்கணுமா? சுவீடன்ல வண்டிங்க என்ன ஸ்பீடுல போகுது, எத்தனை பேர் பெல்ட் போடுறாங்க, ஹெல்மெட் போடுறாங்கன்னு வருஷா வருஷம் அளந்து பாக்குறாங்க, சாவு விழுறதுக்கு முன்னாடியே எங்க தப்புன்னு தெரிஞ்சிடும். நம்ம ஊர்லயும் மாவட்டத்துக்கு மாவட்டம் அதை அளந்து வெளியிடணும், ஆஸ்பத்திரில கட்டுப்போட வர்றவங்க கணக்கையும் போலீஸ் கணக்கோட சேத்துப் பாக்கணும். நீங்க இதைப் பத்தி தொடர்ந்து எழுதணும்னு கேட்டுக்கறேன்.

என் நோட்ட எந்த அதிகாரி வந்து கேட்டாலும் குடுக்கறேன். நேத்து ராத்திரி ஒன்பதே காலுக்குக்கூட ஒண்ணு எழுதியிருக்கேன், காலேஜ் படிக்கிற பொண்ணு, ஸ்கூட்டி, லைட் எரியல.

இப்படிக்கு,
பஞ்சர் கடைக்காரர்,
விழுப்புரம் மாவட்டம்