கன்னியாகுமரிக்குச் சைக்கிளில்: மே மாதம் வேண்டாம், தை பிறக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் வாசகர் பகுதியில் கல்லூரி மாணவர்கள் சிலர் எழுதியிருந்ததைப் படித்தேன். தேர்வு முடிந்ததும் மே மாதத்தில் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கன்னியாகுமரி வரை சைக்கிளில் போகப்போகிறார்களாம். நாளுக்கு 150 கி.மீ., ஐந்தே நாள் என்று கணக்கும் போட்டிருக்கிறார்கள். படிக்கவே சந்தோஷமாக இருந்தது. தூத்துக்குடிக்காரன் நான். இந்தச் சாலையில் பல ஆண்டுகளாகச் சைக்கிள் ஓட்டி வருகிறேன். அந்த உரிமையில் அந்தப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: மே மாதம் வேண்டாம். தை பிறந்த பிறகு கிளம்புங்கள்.

இந்தச் சாலையில் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. ஆற்றுப் பாலங்கள்தான் மேடு. அதனாலேயே பலரும் சுலபம் என்று நினைத்துவிடுகிறார்கள். இங்கே ஆளைச் சோதிப்பது காற்றும் வெயிலும்தான். மலைச்சாலையில் ஏறிய ஏற்றத்துக்கு ஓர் இறக்கமாவது கிடைக்கும். எதிர்காற்றில் அந்த ஓய்வு இல்லை. காலை எடுத்தால் சைக்கிள் நின்றுவிடும்.

தை, மாசியில் எங்கள் கரையில் வாடைக்காற்று. மழைக்காலம் ஓய்ந்து, புயல் பயமும் தணிந்து, வடகிழக்கிலிருந்து காற்று மட்டும் வந்துகொண்டிருக்கும். தெற்கே போகிறவர்களுக்கு அது பெரிய துணை. ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கும், திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரிக்கும் சாலை தென்மேற்காகப் போகிறது. அங்கெல்லாம் வாடை நேர் பின்னால் நின்று தள்ளும். சித்திரை, வைகாசியில் நிலைமை வேறு. காலையில் ஒரே புழுக்கம். வெயில் ஏறியதும் கடல்காற்று தென்கிழக்கிலிருந்து கிளம்பி முகத்தில் அடிக்கும். மே முதல் வாரமே கத்திரியும் தொடங்கிவிடும். வைகாசிக் கடைசியில் மேற்கேயிருந்து கச்சான் காற்று எழும்பிவிட்டால் கூடங்குளம் பக்கம் சைக்கிளை நேராக ஓட்டுவதே பெரும்பாடு. அந்தக் காற்றை நம்பித்தானே அந்தப் பக்கமெல்லாம் அத்தனை காற்றாலைகளை நிறுத்தியிருக்கிறார்கள்!

நாளுக்கு 150 கி.மீ. என்பதையும் யோசிக்க வேண்டும். பிரெவே என்னும், நேரக் கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்தில் கலந்துகொள்கிறவர்கள் 200 கி.மீ.யைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கிறார்களே என்று கேட்கலாம். சரிதான், ஆனால் 200 கி.மீ. முடித்தவர் மறுநாள் வீட்டில் படுத்துக்கொள்ளலாம். இங்கே கேரியரில் மூட்டையோடு மறுநாளும் மிதிக்க வேண்டும், அதற்கு அடுத்த நாளும். விடியும்போது கிளம்பி பத்தரைக்குள் ஒதுங்கிவிட்டு, மூன்றரைக்கு மேல் மறுபடி இருட்டும் வரை ஓட்டினால் 100 கி.மீ. நிம்மதியாகப் போகலாம். இருட்டிய பிறகு ஓட்டவே வேண்டாம். மீன் லாரிகளும் தொலைதூரப் பேருந்துகளும் வரும் வேகத்துக்கு முன்னால் உங்கள் பின்விளக்கு எம்மாத்திரம்?

நாளைக் கூட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புதுச்சேரியைத் தாண்டிவிட்டால் இந்தச் சாலையிலிருந்து கடல் தெரிவதே அபூர்வம். வயலும் தோப்பும் உப்பளமும் முள்காடும்தான் கூட வரும். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் சாலையை விட்டு இறங்க வேண்டும். தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு முன்னால் கொஞ்ச நேரமாவது உட்கார்ந்துவிட்டுப் போங்கள். வேதாரண்யம் வரை வந்துவிட்டுக் கோடியக்கரைக்குப் போகாமல் திரும்பாதீர்கள். போகிற வழியில்தான் அகஸ்தியம்பள்ளி உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூண் இருக்கிறது. 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து சித்திரை வெயிலில்தான் அங்கே நடந்து வந்தார்கள். ஆனால் சுமார் 240 கி.மீ.க்குப் பதினைந்து நாள் எடுத்துக்கொண்டார்கள். கோடியக்கரையில் வெளிமான்களை எப்போதும் பார்க்கலாம். பூநாரைக் கூட்டத்தைப் பார்க்கக் குளிர்காலத்தில்தான் போக வேண்டும். தை மாதம் போகச் சொல்ல அதுவே எனக்குப் போதும்.

தனுஷ்கோடியையும் விடக்கூடாது. ராமநாதபுரத்திலிருந்து அங்கே போவது கிழக்கு நோக்கி, ஆகவே தை மாதத்திலும் அந்த ஒரு பகுதியில் எதிர்காற்றுதான். ராமேஸ்வரத்தில் இரவு தங்கி, காற்று ஏறுமுன் அதிகாலையிலேயே அரிச்சல்முனைக்குப் போய்விடுங்கள். 1964 டிசம்பர் புயலில் ஊரே அழிந்த பிறகு நெடுங்காலம் மணலில்தான் போய்வர வேண்டியிருந்தது. 2017இல் முனை வரை தார்ச்சாலை திறந்துவிட்டார்கள். ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா, நடுவே உங்கள் சைக்கிள். நம் மாநிலத்தில் சைக்கிள் ஓட்ட இதைவிட அழகான சாலை எனக்குத் தெரியாது. பாம்பன் பாலத்தில் மட்டும் கவனம் தேவை. காற்று பக்கவாட்டில் அடிக்கும். பாலத்தின் இணைப்புகளை நேர்குத்தாகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் சக்கரம் வழுக்கும்.

இப்படிச் சுற்றினால் 700 கி.மீ. சொச்சம் 900ஐத் தொட்டுவிடும். பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு நாள் முழு ஓய்வு.

உண்மையான சோதனை அதிராம்பட்டினம் தாண்டித்தான் ஆரம்பிக்கிறது. மணமேல்குடி, மீமிசல், தொண்டி என்று ஊர்கள் தள்ளித்தள்ளி வரும், நிழல் குறைவு. ராமநாதபுரம் மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. கண்ட பம்பில் குடிக்க முடியாது. ஆளுக்கு மூன்று லிட்டர் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஊரிலும் நிரப்பிக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலைந்து பையில் இருக்கட்டும். மோரும் இளநீரும் கிடைக்கிற இடத்தில் யோசிக்காமல் குடியுங்கள்.

அப்புறம் சீமைக்கருவேல முள். சாயல்குடி, வேம்பார் பக்கம் சாலையோரம் முழுக்க அதுதான். முள் டயரில் ஏறி, நுனி உள்ளே ஒடிந்து நின்றுவிடும். டியூபை மாற்றிக் காற்றடித்து, இரண்டு கி.மீ. போவதற்குள் மறுபடி பங்சர். புது டியூபை மாட்டும் முன் டயரின் உட்புறம் முழுக்கப் பழைய பனியன் துணியால் துடைத்து வாருங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள் இருக்கிறது. வெளிப்பக்கமிருந்து ஊக்கால் நெம்பி எடுத்துவிட்டு, இன்னொரு சுற்றும் துடைத்துப் பாருங்கள். சிற்றூர்ச் சைக்கிள் கடைகளில் பழைய மாடல் வண்டிக்குத்தான் டியூப் கிடைக்கும். உங்கள் ரேசிங் சைக்கிளின் மெல்லிய வால்வு டியூபைத் தூத்துக்குடி மாதிரிப் பெரிய ஊரில்தான் தேட வேண்டும். ஆகவே ஆளுக்கு மூன்று டியூப், ஒரு பம்ப், பேட்ச், பசை எல்லாம் கொண்டு போங்கள். உப்புக்காற்றில் செயின் சீக்கிரம் துருவேறும். தினமும் இரவு துடைத்து எண்ணெய் விட மறக்க வேண்டாம்.

தை மாதத்தில் ஒரு தொந்தரவு உண்டு. அது சம்பா அறுவடைக் காலம். நாகை, திருவாரூர் பக்கம் சாலையிலேயே நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் ஏற்றினால் சக்கரம் வழுக்கும், உழைத்தவர்களின் நெல்லும் பாழாகும். இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடலாம்.

இந்தக் கடிதம் மூலம் நெடுஞ்சாலைத் துறையினருக்கும் ஒரு வேண்டுகோள். இந்தச் சாலையில் தினமும் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எங்களைப் போன்ற பயணிகள் மட்டுமல்ல. அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளும், விடியுமுன் உப்பளத்துக்குக் கிளம்பும் தொழிலாளர்களும்தான் அதிகம். சாலையை அகலப்படுத்தும் இடங்களில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒன்றரை மீட்டராவது தார் போட்டுக் கொடுங்கள். இப்போது பல இடங்களில் கோடு முடிந்ததும் சாலை ஒரு சாண் கீழே இறங்கிவிடுகிறது. பின்னால் ஹாரன் சத்தம் கேட்டு ஒதுங்கும் பிள்ளை அந்தப் பள்ளத்தில்தான் விழுகிறது.

மாணவர்களுக்கு விடுமுறை மே மாதம்தான் என்பது தெரியும். அந்த மாதத்தை ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழு மூட்டையோடு மாமல்லபுரம் வரை விடியற்காலையில் போய், எட்டு மணிக்குள் திரும்பத் தொடங்குங்கள். வாரம் ஒருமுறை செய்தாலே கேரியர் ஆடுகிறதா, சீட் உயரம் சரியா, யாருக்கு முழங்கால் வலிக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். பொங்கல் விடுமுறையோடு சில நாள் சேர்த்து லீவு கேட்கக் கல்லூரியில் இப்போதே பேசிவையுங்கள். கன்னியாகுமரியிலிருந்து சைக்கிளை ரயில் பார்சலில் போட்டுவிட்டு நீங்களும் ரயிலிலேயே திரும்பிவிடலாம். பொங்கல் முடிந்து சென்னை திரும்பும் கூட்டத்தில் கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது; முன்பதிவு தொடங்கும் அன்றே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தூத்துக்குடி.