பழைய ரிவால்வர் சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. கண்காட்சி குறித்த நாளில் நடந்தது. உரிமம் புதுப்பிப்பது பற்றிய விளக்கக் கூட்டமும் நல்லபடியாக முடிந்தது. நூலகத்துக்குச் சில புத்தகங்கள் நன்கொடையாக வந்தன. இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியது எண் பதிவேட்டைப் பற்றி. சென்ற பொதுக்குழுவில் நான் முன்மொழிய, மன்றம் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட பணி அது. உறுப்பினர்களிடம் இருக்கும் ஒவ்வொரு ரிவால்வருக்கும் ஒரு பக்கம்: சீரியல் நம்பர், அது பொறிக்கப்பட்டிருக்கும் இடம், மற்ற பாகங்களில் இருக்கும் எண்கள், ஒரு புகைப்படம். கேட்டது இவ்வளவுதான். கைதூக்கி ஆதரித்தவர்களில் பலர் படிவத்தைத் திருப்பி அனுப்பவே இல்லை. அனுப்பியவர்களில் பலர் "இடம்" என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். இடம் தெரியாத எண்ணை வைத்துக்கொண்டு எதையும் தேட முடியாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆண்டு முழுவதும் எனக்கு வந்த சண்டை, சந்தேகம் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

ஸ்மித் அண்ட் வெசன் கம்பெனியின் ஹேண்ட் எஜெக்டர் வகை (சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும்) ரிவால்வரில் சிலிண்டரைத் திறந்ததும், அதைத் தாங்கும் கை போன்ற கிரேனிலும் அதை ஒட்டிய ஃபிரேமிலும், அதாவது உடற்சட்டத்திலும், ஒரு எண் கண்ணில் படும். முதலில் கண்ணில் படுவதால் அதையே எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அது தொழிற்சாலையில் பாகங்களின் ஜோடி பிரியாமல் இருக்கப் போட்ட பொருத்து எண். பக்கத்தகட்டின் உள்பக்கத்திலும் அதே எண் இருக்கும். சீரியல் நம்பர் இருப்பது பிடியின் அடியில். பழையவற்றில் அதே எண் சிலிண்டரின் பின்முகத்திலும், குழலின் அடிப்பக்கத்திலும், வலது பிடிப்பலகையின் உள்ளேயும் இருக்கும். பெரிய டார்கெட் பிடி மாட்டியிருந்தால் அடிப்பகுதி மறைந்துவிடும். அதைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். 1957க்குப் பிறகு கிரேன் பக்கத்திலேயே மாடல் எண்ணையும் அடிக்கத் தொடங்கினார்கள். "10-5" என்று எழுதி வந்த படிவம் சீரியல் நம்பரைச் சொல்லவில்லை. மாடல் 10, அதில் ஐந்தாவது மாற்றம் என்றுதான் சொல்கிறது.

சரி, பிடியின் அடியில் பார்த்தால் போதும் என்று முடிவு கட்டினால் கோல்ட் கம்பெனியின் ரிவால்வர் வந்து குறுக்கே நிற்கும். அஃபிஷியல் போலீஸ் போன்ற கோல்ட் ரிவால்வர்களில் சீரியல் நம்பர் இருப்பதே கிரேன் பக்கத்தில்தான். 1917 மாடல் ராணுவ கோல்டில் இரண்டு இடத்திலும் எண் உண்டு, இரண்டும் வேறு வேறு. அடியில் இருப்பது ராணுவ எண். கிரேன் பக்கத்தில் இருப்பது தொழிற்சாலை எண். அதே 1917 மாடலை ஸ்மித் அண்ட் வெசனும் செய்தது. அதில் அடியில் இருப்பதுதான் சீரியல் நம்பர்.

நம் உறுப்பினர் ஒருவர் தன்னிடம் இருந்த 1917 கோல்டை, எண் பொருந்தவில்லை, யாரோ பாகங்களை மாற்றிவிட்டார்கள் என்று மனம் வெறுத்து விற்கவே இருந்தார். கடைசியாக ஒருமுறை பாருங்கள் என்று மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலி என்று இரண்டு பேர் சரிபார்த்தோம். கிரேன் பள்ளத்தில் பல வருட கிரீஸ் கெட்டியாகப் படிந்திருந்தது. மெல்லிய பிரஷ்ஷில் எண்ணெய் தொட்டுத் துடைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்ததும் எண் எழுந்து வந்தது: கிரேனில் ஒன்று, ஃபிரேமில் அதே எண். அடியில் இருந்த ராணுவ எண்ணும் எந்தச் சுரண்டலும் இல்லாமல் தெளிவாக இருந்தது. அந்த ரிவால்வர் தொழிற்சாலையை விட்டு எப்படி வந்ததோ அப்படியே இருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தப் பதிவேடு எதற்கு என்று. அன்றைக்கு வந்திருந்தவர்கள் மிகக் குறைவு என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

அடுத்தது, ஒரே எண்ணை இரண்டு உறுப்பினர்கள் எழுதி அனுப்பிய விவகாரம். ஒருவர் மற்றவரைச் சந்தேகப்பட்டு, வார்த்தை தடித்து, தலைவர் தலையிட வேண்டியதாயிற்று. ஒருவருடையது .32 காலிபர் (குழல் துளையின் அளவு), மற்றவருடையது .38. அந்தக் காலத்தில் ஸ்மித் அண்ட் வெசன் ஒவ்வொரு வகைக்கும் தனி வரிசையில் எண் போட்டது. ஒரே எண் பல ரிவால்வர்களில் இருப்பதில் குற்றம் எதுவும் இல்லை. எண்ணோடு மாடலையும் காலிபரையும் எழுதுங்கள் என்று படிவத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. இருவருமே எழுதவில்லை.

எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தையும் விடக் கூடாது. ஸ்மித் அண்ட் வெசனின் மிலிட்டரி அண்ட் போலீஸ் மாடலின் எண் வரிசை 1942இல் பத்து லட்சத்தைத் தொட்டதும், அதன் போர்க்கால வடிவமான விக்டரி மாடலுக்கு 'வி' எழுத்தோடு புது வரிசை தொடங்கினார்கள். 1944 இறுதியில் புது ஹாமர் பிளாக் (கீழே விழுந்தாலும் வெடிக்காமல் தடுக்கும் பாகம்) வந்த பிறகு அதோடு 'எஸ்' சேர்ந்தது. 'வி'யை விட்டுவிட்டு எழுதினால், இரண்டாம் உலகப் போரில் செய்த ரிவால்வர் அந்தப் போருக்கு வெகு முன்னால் செய்ததாகிவிடும். கோல்ட் நியூ ஆர்மி மாடலில் பிடியின் அடியில் இருக்கும் எண் இரண்டு வரியாகப் பிரிந்திருக்கும். மேல் வரியை மட்டும் எழுதி, தன்னுடையது ஆரம்பகால ரிவால்வர் என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. கோல்டின் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி மாடலில் ஃபிரேமின் இடது பக்கத்தில் இருக்கும் 1871, 1872, 1875 ஆகியவை காப்புரிமைத் தேதிகள். அந்த மாடல் வந்ததே 1873இல்தான். சின்ன எண் முதலில் விற்றுப் போயிருக்கும் என்பதும் சரியல்ல. எண் போட்ட வரிசையில் அனுப்பியதாக எந்த நியதியும் இல்லை. தொழிற்சாலை ஏடு சொல்வது அனுப்பிய தேதியை.

எண்கள் பொருந்தாவிட்டால் போலி என்ற முடிவுக்கும் அவசரப்பட வேண்டாம். சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியில் ஃபிரேம், டிரிகர் கார்டு (விசையைச் சுற்றிய வளையம்), பிடியின் பின்பட்டை மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் 'ஆர்ட்டிலரி' என்று நாம் சொல்லும் வகை வேறு கதை. 1895 முதல் அமெரிக்க ராணுவம் பழைய குதிரைப்படை ரிவால்வர்களைத் திரும்பப் பெற்று, ஏழரை அங்குலக் குழலை ஐந்தரையாக வெட்டி, பாகங்களைக் கலந்து பூட்டி மறுபடி கொடுத்தது. அவற்றில் பெரும்பாலானவற்றில் எண் பொருந்தாமல் இருப்பதுதான் இயல்பு. யாராவது "சரிசெய்து தருகிறேன்" என்று எண்ணைத் தேய்த்து மறுபடி அடித்தால், சரித்திரமும் போயிற்று, மதிப்பும் போயிற்று. பல நாடுகளில் அது சிறைக்குப் போகிற குற்றமும்கூட. நம் சங்கத்தில் அப்படி யாரும் இருக்கக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கடைசி இரண்டு இலக்கத்தை மறைத்துப் படிவம் அனுப்பியவர்களுக்கு ஒரு வார்த்தை. பொது இடத்தில் மறைப்பது உங்கள் விருப்பம். பதிவேடு பூட்டிய அலமாரியில் இருக்கிறது, தலைவரும் நானும் மட்டுமே திறக்கிறோம். முழு எண் இல்லாவிட்டால், நாளைக்கு ஒரு ரிவால்வர் திருடு போனால் அடையாளம் சொல்ல நம்மிடம் எதுவும் இருக்காது.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே வைப்பார். சுருக்கமாக, வரவுக்குள் செலவு அடங்கியது, சிறிது கையிருப்பு உண்டு. பதிவேட்டின் அச்சுச் செலவு அதிகம் என்று செயற்குழுவில் ஒரு குரல் எழுந்தது. சந்தா நிலுவை முழுவதும் வந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஆண்டு முழுவதும் தலைகாட்டாமல், விற்கப் போகும்போது மட்டும் "இது எந்த வருஷத்து ரிவால்வர்?" என்று தொலைபேசியில் கேட்பவர்கள்தான் நிலுவைப் பட்டியலில் முன்னால் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பதில் சொல்லியிருக்கிறேன்.

தலைவர், பொருளாளர், இடம் கொடுத்து உதவியவர்கள், கண்காட்சியில் உழைத்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பதிவேடு முடிய வேண்டும். நம்மில் பலருக்கு வயதாகிவிட்டது. வீட்டில் உள்ளவர்களுக்கு எந்த எண் எங்கே என்று தெரியாது. நமக்குப் பிறகு கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். இந்த வேலையைத் தனி ஒருவர் இழுத்துச் செல்ல முடியாது. லென்ஸும் பொறுமையும் உள்ள இருவர் முன்வந்தால் உடன் உட்காரத் தயார். செயலாளர் பொறுப்பையே ஏற்க யாராவது விரும்பினாலும் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். யாரும் விரும்பாவிட்டால், படிவத்தையாவது நிரப்பித் தாருங்கள்: முழு எண், முன்னால் உள்ள எழுத்து, இரண்டு வரி இருந்தால் இரண்டும், எந்த இடத்தில் பார்த்தது. புதிய படிவங்கள் வாசலில் பொருளாளரின் மேசையில் இருக்கின்றன. நிலுவைக்கு ரசீதும் அங்கேயே தருவார்.

இப்படிக்கு,
செயலாளர்