தெருவிளக்குக்கு ஒரு மூடி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னையில் டெலஸ்கோப் வைத்துக்கொண்டு நிலாவையும் சனியின் வளையத்தையும் தவிர என்ன பார்க்க முடியும் என்று பலர் கேட்கிறார்கள். நிறையவே பார்க்கலாம். மடிப்பாக்கத்தில் எங்கள் மொட்டை மாடியில் இருப்பது நாலரை அங்குலக் கண்ணாடி பொருத்திய சாதாரண டெலஸ்கோப்தான்.

மார்கழி, தை மாதங்களில் திருவாதிரைக்குத் தெற்கே, வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களைத் தாண்டிப் பாருங்கள். ஓரியன் நெபுலா, சுமார் 1,300 ஒளியாண்டு தூரத்தில் விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் வாயு மேகம். நடுவில் நான்கு விண்மீன்கள் ஊசிமுனைகளாக நெருங்கி நிற்கும். சுற்றிலும் சாம்பல் நிறப் படலம். உற்றுப் பார்த்தால் படலம் மங்கிவிடும். ஓரக்கண்ணால் பார்த்தால் இருபுறமும் விரியும். மங்கலான ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுப்புள்ளியில் இல்லை, அதைச் சுற்றித்தான் இருக்கின்றன.

மே மாதம் வந்தால் ஒமேகா சென்டாரி. ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் உருண்டையாகத் திரண்ட கொத்து, தெற்கு அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரம் வரை ஏறும். 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் இருந்தபடியே சிறிய டெலஸ்கோப்புகளால் நெபுலாக்களையும் கொத்துகளையும் பட்டியலிட்ட சார்ல் மெஸ்ஸியேவுக்கு இது கிடைக்கவில்லை. அந்த ஊரில் இது உதிப்பதே இல்லை. நமக்குக் கிடைத்திருக்கிறது!

விண்மீன் கொத்துகள் நகர வெளிச்சத்தை ஓரளவு தாக்குப்பிடிக்கும். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் வானத்தின் வெளுப்பு குறையும். விண்மீன்கள் புள்ளிகளாகவே நிற்கும். ஆண்ட்ரோமெடா காலக்ஸி போலப் பரந்து கிடப்பவற்றுக்கு அந்த வழி இல்லை. வெளுப்போடு சேர்ந்து அவையும் மங்கும். 25 லட்சம் ஆண்டுகள் பயணித்து வந்த ஒளி, கடைசியில் நம் தெருவிளக்கிடம் தோற்றுப்போகிறது. எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

எங்கள் தெருவில் இப்போது எரிவது நீலம் கலந்த வெள்ளை விளக்கு. நீல ஒளி காற்றில் அதிகம் சிதறும். போதாததற்கு விளக்கைச் சாய்த்து மாட்டியிருப்பதால் பாதி வெளிச்சம் எதிர்வீட்டு ஜன்னலிலும் எங்கள் மாடியிலும்தான் விழுகிறது. தலையில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

விளக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவில் வேலை முடிந்து வரும் பெண்களுக்கு அது அவசியம். ஒளி தரையில் விழும்படி மேலே ஒரு மூடி போடுங்கள், மஞ்சள் சாயலுள்ள பல்பு மாட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். அப்படிச் செய்தால் நடப்பவர்களுக்கும் கண் கூசாது. 1792லேயே நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் எழுப்பிய ஊர் இது. விளக்குகளை மாற்றும்போது அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். அடுக்குமாடிச் சங்கங்களும் வானத்தைப் பார்த்து எரியும் அலங்கார விளக்குகளை இரவு 11 மணிக்கு மேல் அணைத்துவிடலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

— ஒரு வாசகி, மடிப்பாக்கம், சென்னை