கடைக்கும் ஒரு பைலட் ரன் வேணும்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் பினாங்கு பிறையில இருக்கேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைல ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனில 24 வருஷம் லைன் டெக்னீஷியனா வேலை பாத்துட்டு, விஎஸ்எஸ், அதான் கம்பெனி காசு குடுத்து விருப்பத்தோட அனுப்புற திட்டம், அத வாங்கிட்டு வெளிய வந்தவன். உங்க பத்திரிகைய காலைல டீயோட வாசிக்கிற ஆளு. நம்ம சிறுதொழில்காரங்களுக்கு அரசாங்கத்தோட டெக்குன்ல இந்தியர்களுக்குன்னு ஸ்புமி கடன் இருக்கு, சின்னக் கடன் குடுக்கிற அமானா இக்தியார்ல நம்ம பொம்பளைங்களுக்குன்னு தனியா திட்டம் இருக்குன்னு அடிக்கடி செய்தி போடுறீங்க, நல்லது, கண்டிப்பா போடணும். ஆனா கடன் கைக்கு வந்த மறுநாள் அந்தக் காச எப்படி இறக்கணும்னு யார் சொல்லிக் குடுக்கிறா? அதப் பத்திதான் எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன், நேத்து ராத்திரி மக லாப்டாப்ப வாங்கி உக்காந்துட்டேன், எழுத்துப்பிழை இருந்தா நீங்களே திருத்திக்குங்க.

மொதல்ல ஒரு பழைய கதை. நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஜப்பான்லேர்ந்து ஒரு டிரெய்னர் வந்தாரு. வாயத் தொறந்தா முடா, முடாங்கறாரு. லைன்ல இருந்த மலாய் அக்காங்கல்லாம் சிரிக்கிறாங்க, ஏன்னா அவங்க பாஷைல முடான்னா இளசு. நான் என்ன நெனச்சேன்னா இந்த மனுசன் நம்மளத்தான் மூடா மூடான்னு திட்றான் போலன்னு. அப்பறம்தான் தெரிஞ்சது, ஜப்பான் பாஷைல முடான்னா வீண். டொயோட்டா கம்பெனில தாயிச்சி ஓனோன்னு ஒருத்தர் வீண ஏழு வகையா பிரிச்சு வச்சிருக்காரு: வேண்டாததுக்கு மேல செய்யறது, காத்துக் கெடக்கறது, சும்மா தூக்கிட்டு அலையறது, ஸ்டாக் குவிச்சு வைக்கிறது, இப்படி போகும். அதுலயும் ரொம்ப மோசமானது தேவைக்கு மேல செஞ்சு குவிக்கிறதுதான்னு அந்த டிரெய்னர் மேசையத் தட்டித் தட்டிச் சொல்லுவாரு. இதத்தான் அப்பறம் உலகம் பூரா லீன்னு பேரு வச்சுக் கூப்பிட்டாங்க. 1972ல ஃப்ரீ டிரேட் ஸோன் வந்ததுலேர்ந்து பாயான் லெப்பாஸ்ல வேலை செஞ்ச நம்ம ஆளுங்க எத்தனையோ பேருக்கு இது தண்ணி பட்ட பாடு.

ஆனா பாருங்க, அந்த ஆளுங்கள்ல ஒருத்தனான நானு விஎஸ்எஸ் காசு வந்ததும் என்ன செஞ்சேன்? ஃபேக்டரில ஒரு புது சர்க்யூட் போர்டு வந்தா நேரா லைன்ல ஏத்திர மாட்டோம். பைலட் ரன்னு ஒண்ணு ஓட்டுவோம், இருபது முப்பது பீஸ் செஞ்சு, டெஸ்ட் பண்ணி, எங்க அடி வாங்குதுன்னு பாத்து, சரி பண்ணி, அப்பறம்தான் பெரிய லாட். 24 வருஷம் இத செஞ்ச கை, சொந்தக் காசுன்னு வந்ததும் நேரா மாஸ் புரொடக்‌ஷன். மசாலாப் பொடி பிசினஸ். அரைக்கிற மிஷின் 11,000 வெள்ளி (ரிங்கிட்). கடை ரெனவேஷன் 9,000. கலர் பிரிண்ட் போட்ட பை, குறைஞ்சது 5,000 எடுத்தாத்தான் அடிச்சுத் தருவேன்னான், சரி அடின்னுட்டேன், அதுல என் மக சின்ன வயசு போட்டோ வேற. சைன்போர்டு, லைசென்ஸ், முன்பணம், திறப்பு விழாவுக்கு நாதஸ்வரம், சாப்பாடு. மொத பாக்கெட் விக்கிறதுக்கு முன்னாடியே 38,000 வெள்ளி போயிருச்சு. எட்டு மாசத்துல வித்தது 600 பாக்கெட் கூட இல்ல. மிச்சப் பை இன்னும் ஸ்டோர் ரூம்ல இருக்கு, மக அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என்ன மொறைக்கிறா.

சரக்கு மோசமா? இல்ல, சத்தியமா நல்ல சரக்கு. வாங்க ஆள் இல்ல, அவ்வளவுதான். எங்க தாமான்ல, அதான் குடியிருப்புல, இருக்கிற பெரியம்மாங்கல்லாம் மல்லி மொளகா அவங்களே காயவச்சு, அவங்க அளவுல கலந்து, மில்லுல குடுத்து அரைச்சிட்டு வர்றவங்க, அவங்களுக்கு என் பொடி எதுக்கு? இதக் கண்டுபுடிச்சது நான் இல்ல, என் வீட்டுக்காரி. கோவில்ல பூஜை முடிஞ்சு உக்காந்திருக்கும்போது பக்கத்துல இருக்கிற பொம்பளைங்ககிட்ட அவ ஒரே கேள்விதான் கேட்டிருக்கா: போன வாரம் மீன் கறி எத்தன நாள் வச்சீங்க, மசாலா எங்க வாங்குனீங்கன்னு. வயசானவங்க மில்லுன்னாங்க. ஃபேக்டரிக்குப் போற பொண்ணுங்க வேற கதை சொன்னாங்க. பசார்ல அரைச்ச மசாலா விக்கிறாங்க, நல்லாவும் இருக்கு, ஆனா அந்தக் கடை காலைலதான், பன்னெண்டு மணி நேர ஷிஃப்டுக்கு விடியக்காலைல கம்பெனி பஸ் ஏறிட்டா ராத்திரி ஏழு ஏழரைக்குத்தான் எறங்கறோம், அந்நேரம் எங்க போயி மசாலா வாங்குறது, அதான் முட்டைய பொரிச்சுச் சாப்பிட்டுப் படுக்கறோம்னாங்க. பிரச்சினை டேஸ்ட்டே இல்ல சார், டைம்.

மறுநாளே இருபது பாக்கெட் மீன் கறி மசாலா ஈரமா அரைச்சு, சாதா பிளாஸ்டிக்ல கட்டி, மார்க்கர்ல தேதி எழுதி, ஐஸ் பெட்டில வச்சு கம்பெனி பஸ் நிக்கிற எடத்துல போயி நின்னோம். ஒண்ணு 4 வெள்ளி. பதினாலு போச்சு. அடுத்த வாரம் ரெண்டு பேரு பிள்ளைங்களுக்குக் காரம்னாங்க, காரம் கம்மியா ஒண்ணு போட்டோம். மூணாவது வாரம் ஒரு பொண்ணு அண்ணே இதோட புளியும் கரைச்சு வச்சா என்னன்னுச்சு. இன்னிக்கு வாட்சப்ல முன்னாடியே ஆர்டர் எடுத்து, அந்த அளவு மட்டும் அரைக்கிறோம். பெரிய பணக்காரன் ஆயிடல, ஆனா வாடகைக் கடைய விட்டாச்சு, லைசென்ஸ வேற மாதிரி மாத்தியாச்சு, ஸ்டாக்குன்னு ராத்திரி ஃபிரிட்ஜ்ல எதுவும் நிக்கிறதில்ல. அந்த 11,000 வெள்ளி மிஷின் மட்டும் கொஞ்சம் பெருசுதான் எங்களுக்கு, என்ன செய்ய.

இதுக்கு லீன் ஸ்டார்ட்டப்புன்னு பேரு இருக்குன்னு என் மக சொல்லித்தான் தெரியும். எரிக் ரீஸ்னு ஒரு அமெரிக்கர் 2011ல அந்தப் பேர்லயே புத்தகம் போட்டவரு. அவரு கதையும் என் கதையும் ஒண்ணுதான், அவருது சாப்ட்வேர், என்னுது மொளகாத்தூள். 2004ல ஐஎம்வியூன்னு சாட் பண்ற கம்பெனி ஆரம்பிச்சு, ஜனங்க ஏற்கெனவே வச்சிருக்கிற சாட் புரோகிராமோட இதையும் ஒட்டிக்கிட்டு, தெரிஞ்ச கூட்டாளிங்களோட பேசுவாங்கன்னு தாங்களே முடிவு பண்ணி, ஆறு மாசம் ராப்பகலா எழுதியிருக்காங்க. வெளிய விட்டா யாரும் சீண்டல. ஆளக் கூப்பிட்டு உக்கார வச்சுக் கேட்டப்பதான் ஜனங்களுக்கு அது வேண்டாம், புது ஆளுங்களோட பேசத்தான் ஆசைன்னு தெரிஞ்சிருக்கு. அந்த கம்பெனில காசு போட்ட ஸ்டீவ் பிளாங்க்னு ஒரு பெரியவரு, ஆபீஸ விட்டு வெளிய போயி வாடிக்கையாளரப் பாருங்கடான்னு பாடமே நடத்துறவரு, அந்த வகுப்புல ரீஸும் உக்காந்தவரு. ஓனோ சொன்னதும் பிளாங்க் சொன்னதும் சேந்ததுதான் இந்தப் பாடம். சின்னதா செய், வித்துப் பாரு, எண்ணிப் பாரு, தப்புன்னா தெசைய மாத்து. ஐடி கம்பெனிக்காரன் பாடம்னு நெனச்சு நம்ம ஒதுங்கிட்டோம், அதுக்கு வேர் இருக்கிறது கார் ஃபேக்டரில.

ஆனா இத அப்படியே இங்க்லீஷ் ஸ்லைட போட்டு ஓட்டுனா நம்ம ஆளுங்ககிட்ட வேலைக்காகாது, அதுக்கு ஒரு காரணம் இருக்கு, வெளிநாட்டு டிரெய்னருங்க யாரும் இத சொல்றதில்ல. முகதாட்சண்யம். நம்ம ஊர்ல போயி அக்கா இந்த முறுக்கு எப்படின்னு கேளுங்க, வாயில வச்ச உடனே ஐயோ பிரமாதம்னுதான் சொல்லுவாங்க. தெரிஞ்ச மனுசன், கல்யாணத்துக்கு வந்தவன், மூஞ்சிக்கு நேரா எப்படி நல்லா இல்லன்னு சொல்றது? என் பொடிய சாம்பிள் வாங்குன நாப்பது பேரும் நல்லாருக்குன்னாங்க, திரும்ப வந்து காசு குடுத்து வாங்குனது மூணு பேரு. ஆக நம்மகிட்ட நல்லாருக்கான்னு கேக்கவே கூடாது. போன வாரம் என்ன வாங்குனீங்க, எங்க, எவ்வளவுக்குன்னு கேக்கணும். இல்லன்னா அடுத்த வாரத்துக்கு 5 வெள்ளி முன்பணம் கேட்டுப் பாக்கணும், அங்க தெரிஞ்சிரும் உண்மை. பேஸ்புக்ல லைக்கும் இதே ஜாதிதான். எங்க திறப்பு விழா போட்டோவுக்கு 300 லைக், அதுல பாதிப்பேரு கிள்ளான்லயும் ஜொகூர்லயும் இருக்கிற சொந்தக்காரங்க, அவங்களா பிறைக்கு வந்து பொடி வாங்கப் போறாங்க?

இப்ப நடக்கிற டிரெய்னிங்கயும் பாத்தாச்சு. கடை படுத்த நேரத்துல ஒரு ரெண்டு நாள் கோர்ஸுக்குப் போனேன், யாரு நடத்துனாங்கன்னு சொல்ல வேணாம். ஹோட்டல், பஃபே, பேனர், செர்டிபிகெட், குரூப் போட்டோ. அஞ்சு வருஷத்துக்கு வரவு செலவு கணக்கு எழுதச் சொன்னாங்க. எனக்குப் பக்கத்துல லிட்டில் இந்தியாவுல பூ கட்டி விக்கிற ஒரு அக்கா. காகிதத்த பாத்துட்டு, தம்பி, நாளைக்கு மல்லி என்ன விலைன்னே எனக்குத் தெரியாது, இவங்க அஞ்சாவது வருஷத்துக்குக் கேக்கறாங்களேன்னு சொன்னாங்க. அப்பறம் ரெண்டு பேரும் சேந்து வாய்க்கு வந்த நம்பர எழுதிக் குடுத்தோம். நல்ல பிளான்னு பாராட்டுனாங்க. அந்த அக்கா ரெண்டு நாள் கடைய மூடிட்டு வந்தவங்க, அது யார் கணக்குல சேரும்?

இன்னொண்ணு. வேலையாளுங்க பயிற்சிக்குன்னு ஹெச்ஆர்டி லெவி இருக்கில்ல, அது 10 பேரும் அதுக்கு மேலயும் ஆள் வச்சிருக்கிற முதலாளிக்குத்தான் கட்டாயம், சம்பளத்துல 1 விழுக்காடு. நம்ம லெபோ பசார்ல, பினாங் ஸ்திரீட்ல இருக்கிற கடைங்கள்ல எத்தன கடைல பத்து பேரு? புருசன், பொஞ்சாதி, ஒரு வேலையாளு. அஞ்சு பேருக்குக் கீழ இருந்தா மைக்ரோன்னு அரசாங்கமே பேரு வச்சிருக்கு, அந்த மைக்ரோவுக்கு லெவிக் காசுல ஓடுற டிரெய்னிங் அவ்வளவா வந்து சேர்றதில்ல. குறைஞ்சபட்ச சம்பளம் 1,700 வெள்ளி, 2025 ஆகஸ்ட்லேர்ந்து அது இந்த சின்னக் கடைங்களுக்கும் வந்தாச்சு. வேலையாளுக்குக் குடுக்கத்தான் வேணும், நான் ஒரு காலத்துல சம்பளக்காரன், வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா அப்படி ஒரு செலவு ஏறும்போது வீணா நிக்கிற ஸ்டாக்க எப்படி குறைக்கறதுன்னு ஒருத்தன் பக்கத்துல நின்னு சொல்லித் தரணும்ல.

அதனால என் யோசனை. ஹோட்டல் வேணாம். கோவில் மண்டபமோ தமிழ்ப்பள்ளி கேண்டீனோ போதும், கடை சாத்துன பிறகு ராத்திரி ஒன்பதரைக்கு மேல ஒண்ணரை மணி நேரம், வாரம் ஒருக்கா, எட்டு வாரம், தமிழ்ல. பத்து கடைக்கு மேல சேக்கக் கூடாது. ஒவ்வொரு வாரமும் அஞ்சு வாடிக்கையாளர்கிட்ட பேசி நோட்ல எழுதிட்டு வரணும், எழுதாம வந்தா டீ மட்டும் குடிச்சிட்டுப் போகட்டும். புதுசா எதுவும் செய்யணும்னா மொத நூறு வெள்ளிக்கு மேல எறக்கக் கூடாது. நோட்ல ரெண்டே கணக்கு, ரெண்டாவது தடவ திரும்பி வந்தவங்க எத்தன பேரு, சரக்கா முடங்கிக் கெடக்கிற காசு எவ்வளவு. செர்டிபிகெட் வேணாம். சொல்லிக் குடுக்க ஆளு? பாயான் லெப்பாஸ்லயும் பிறையிலயும் ரிட்டயர் ஆன நம்ம சூப்பர்வைசருங்க, டெக்னீஷியனுங்க கோப்பிக் கடைல உக்காந்து அரசியல் பேசிட்டு இருக்காங்க, கைசன் போர்டு, அதான் வேலைய கொஞ்சங் கொஞ்சமா மேம்படுத்த எழுதி வைக்கிற பலகை, அதப் பாத்தே முடி நரைச்ச ஆளுங்க. யூஎஸ்எம் யூனிவர்சிட்டி பிள்ளைங்க நாலு பேரு கூட வந்தா கணக்கு போடறதுக்கு ஒத்தாசை.

யூஎஸ்எம்முன்னதும் ஞாபகம் வருது. அமானா இக்தியார் எப்படி ஆரம்பிச்சதுன்னு தெரியுமா? 1986ல நம்ம பினாங்கு யூஎஸ்எம் ஆராய்ச்சியாளருங்க ஏழைங்களுக்கு அடமானம் இல்லாம சின்னக் கடன் குடுக்கிற வங்காளதேசத்து கிராமீன் பேங்க் முறை இங்க சரிப்படுமான்னு பாக்க சிலாங்கூர்ல ஒரு மூலைல சின்னதா நடத்திப் பாத்தாங்க, சரிப்பட்டுச்சு, மறு வருஷம் அமைப்பா பதிஞ்சாங்க. கடன் குடுக்கிற எடமே பைலட் ரன்லேர்ந்து வந்ததுதான், கடன் வாங்குறவன மட்டும் எதுக்கு மொத நாளே சைன்போர்டு அடிக்கச் சொல்லணும்? கடனயும் மொத்தமா குடுக்காம, கொஞ்சம் குடுத்து, நோட்டப் பாத்து மிச்சத்தக் குடுத்தா என்னன்னு எனக்கு ஒரு எண்ணம்.

எல்லாத்துக்கும் இது மருந்துன்னு சொல்ல வரல. தீபாவளிக்குச் சேலை எடுக்கிற கடைக்காரரு மாசக்கணக்கு முன்னாடியே இந்தியாவுலேர்ந்து சரக்கு எறக்கியாகணும், அவருகிட்ட போயி இருபது சேலை வச்சு டெஸ்ட் பண்ணுங்கன்னா சிரிப்பாரு, அவரு முப்பது வருஷ அனுபவத்துல கண்ணால எட போடற ஆளு. சாப்பாட்டு வியாபாரத்துல சுத்தம், டைஃபாய்டு ஊசி போட்டுக்கறது, உணவு கையாள்றவங்களுக்கான வகுப்பு, இதுலயெல்லாம் பாதிக்கு செஞ்சு பாக்கிறதுக்கு எடமே இல்ல, மொத நாள்லேர்ந்து முழுசா செய்யணும். பக்கத்துக் கடைல கூட்டம்னு அதே கடைய அதே தெருவுல தொறக்கிற நம்ம வியாதிக்கு வேணா இது கொஞ்சம் கேக்கும்.

சட்டமன்ற உறுப்பினருங்க, கோவில் தலைவருங்க, வணிகர் சங்கத்துக்காரங்க யாராச்சும் இத வாசிச்சு ஒரு மண்டபம் மட்டும் தொறந்து விட்டா மொத பத்து கடைக்கு நான் சம்பளமில்லாம வரேன், என்கூட வேலை செஞ்ச இன்னும் மூணு பேரையும் இழுத்துட்டு வரேன், பேசி வச்சாச்சு. செவ்வாக்கிழமை மட்டும் வேணாம். அன்னிக்கு எங்க வீட்ல பூண்டு உரிக்கிற நாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பிறை, பினாங்கு